வாலாஜாபாத் ரோடும், வரிசையில் நின்ற பையனும்

டிஸ்கி: இது மதப் பிரச்சாரப் பதிவு இல்லை. பாதி வரலாறு, பாதி புலம்பல். நீளம் கொஞ்சம் அதிகம். டீ குடிச்சுட்டு வந்து உட்காருங்க மக்களே :-)

நான் வேலை பார்க்கிறது ஒரகடத்துல, ஒரு பெரிய கார் கம்பெனிக்கு உதிரி பாகம் செஞ்சு கொடுக்கிற ஒரு சின்ன கம்பெனியில. தினமும் போய் வர்ற ரோட்டுக்குப் பேரு வண்டலூர் - வாலாஜாபாத் சாலை. இத்தனை வருஷமா இந்தப் போர்டைப் பார்க்கிறேன், ஆனா அந்த ரெண்டு ஊரையும் சேர்த்து ஒருநாளும் யோசிச்சதில்லை. யோசிக்க வச்சது ஒரு மய்யித்து.

இந்தப் பக்கம் வராதவங்களுக்காக ரெண்டு வரி. ஸ்ரீபெரும்புதூர்னா பழைய ஆட்களுக்கு ராமானுஜர் பிறந்த ஊர். திருக்கோட்டியூர் கோபுரத்து மேல ஏறி, குரு ரகசியமா சொன்ன மந்திரத்தை ஊருக்கே சொன்னார். தனக்கு நரகம் வந்தாலும் மத்தவங்க கரையேறட்டும்னு நினைச்சார் என்பது கதை. அடுத்த தலைமுறைக்கு இது கம்பெனி ஊர். இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்க ஆரம்பிச்சது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிட்டுப் போனது. ஒரகடத்துல 2010-ல் ரெனோ நிசான், 2012-ல் டைம்லர். அப்புறம் கணக்கு வச்சுக்கவே முடியாத அளவுக்கு சப்ளையர் கம்பெனிகள், காண்ட்ராக்ட் ஆட்கள், வாடகை ரூம்கள். ஒரு ரூமுக்கு எட்டு பேர், பத்து பேர். ஷிப்ட் மாறும்போது பாய் மட்டும் சூடாவே இருக்கும், ஆள் மாறியிருப்பான்.

எங்க தொழுகை இடமும் வாடகைதான். கீழே ஹார்டுவேர் கடை, மாடியில ஒரு ஹால், தகரக் கூரை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மாடிப்படி வரைக்கும் ஆள் நிக்கும். தமிழ், உருது, வங்காளம், அசாமின்னு எல்லாப் பேச்சும் கேட்கும்.

அத்தா மவுத்தானதுக்கு அப்புறம் எனக்கு மார்க்கத்துல ஈடுபாடு திடீர்னு கூடிப்போச்சு. நைட் ஷிப்ட் இல்லாத நாள்ல தஹஜ்ஜத்துக்கு எழுந்திரிப்பேன். கையில தஸ்பீஹ் மணி. பாக்கெட்ல திக்ரு புத்தகம். முதல் வரிசையில ஜன்னலோரம் என் இடம்னு மனசுக்குள்ள ஒரு பட்டாவே போட்டு வச்சிருந்தேன். கோபம் குறைஞ்சது, சிகரெட் நின்னுச்சு. ஆள் தேறிட்டேன்னு எனக்கே ஒரு நினைப்பு, ஹி ஹி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நவம்பர் மாசம், காய்ச்சல்ல ஒரு பையன் இறந்துட்டான். ஜார்கண்ட்காரன், வயசு 22. காண்ட்ராக்டர் போனை எடுக்கலை. ஊருக்கு உடலைக் கொண்டு போக வசதியில்லை, அங்கேயே அடக்கம் பண்ணிடுங்கன்னு அவன் அண்ணன் போன்ல அழுதார். எங்க ஹஸ்ரத் தொழுகை முடிஞ்சு எழுந்து நின்னு கேட்டார்: "மய்யித்தைக் குளிப்பாட்டத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

நாற்பது பேர் இருந்திருப்போம். ஒரு கை உயரலை.

பக்கத்து ஊர்ல இருந்து ஒரு வயசான தையல்கார பெரியவரைக் கூப்பிட்டு வந்தாங்க. கபன் துணியைக் கிழிச்சுக்கிட்டே அவர் கேட்டார், "இந்தப் பிள்ளை பேரு என்னப்பா?" யாருக்கும் தெரியலை. ஐடி கார்டைப் பார்த்துத்தான் சொன்னோம். அந்த போட்டோவைப் பார்த்ததும் எனக்கு வயித்துல என்னவோ பண்ணுச்சு. எட்டு மாசமா முதல் வரிசையில என் வலப்பக்கம் நின்னவன் அவன்தான். தொழுகை முடிக்கும்போது வலது பக்கம் முகத்தைத் திருப்பி ஸலாம் சொல்லுவோம் இல்லையா? அத்தனை நாளும் அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கேன். பேரு கேட்கலை.



ஜனாஸா கடமைக்கு மார்க்கத்துல ஃபர்ளு கிஃபாயான்னு பேர். ஊர்ல சிலர் செஞ்சா எல்லாருக்கும் கடமை நீங்கிடும். ஒருத்தரும் செய்யலைன்னா எல்லாரும் குற்றவாளி. ஓதிப் படிச்ச காலத்துல பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணின வரி. அதுக்கு அர்த்தம் அன்னிக்கு அந்தத் தகரக் கூரைக்குக் கீழதான் புரிஞ்சது. ஒருத்தன் எவ்வளவு தொழுதான்கிற கணக்கு மட்டும் போதாது, அவன் இருந்த இடத்துல செத்தவனை எடுத்துப் போட ஆள் இருந்தாங்களாங்கிற கணக்கும் அவன்கிட்ட கேட்கப்படும்.

அடக்கம் எங்கேங்கிறது அடுத்த பிரச்சினை. எங்களுக்கு மையவாடி ஏது? வாடகை ஹாலுக்கே மாசாமாசம் இழுபறி. கொஞ்சம் தள்ளி ஒரு பழைய ஊர் ஜமாஅத்துல போய்க் கேட்டோம். முத்தவல்லி ரெண்டே கேள்வி கேட்டார். ஆஸ்பத்திரி பேப்பர் இருக்கா, போலீஸ்ல சொல்லியாச்சா. அவ்வளவுதான், குழி வெட்ட ஆள் அனுப்பிட்டார். காசு எவ்வளவு பாய்னு கேட்டேன். "இது வக்ஃப் நிலம் தம்பி. கொடுத்தவங்க பேரே எங்களுக்குத் தெரியாது. மய்யித்துக்குன்னு கொடுத்தாங்க, மய்யித்து வந்திருக்கு" என்றார்.

பேர் தெரியாத ஒருத்தர் என்னிக்கோ எழுதி வச்ச நிலத்துல, பேர் தெரியாத ஒரு பையன் படுத்துக்கிட்டான். நடுவுல நான், கையில தஸ்பீஹ் மணியோட.

திரும்பி வர்ற வழியிலதான் அந்த ரோடு போர்டு கண்ணுல பட்டது. வண்டலூர் ஒரு பக்கம், வாலாஜாபாத் இன்னொரு பக்கம்.



வாலாஜாபாத் பேரு ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவால வந்தது. 1749-லிருந்து 1795 வரைக்கும் நவாப். கல்விக்கும் மார்க்கத்துக்கும் கொடுத்தவர். லக்னோ ஃபிரங்கி மஹல் அறிஞர் குடும்பத்தைச் சேர்ந்த பஹ்ருல் உலூம் அப்துல் அலியைச் சென்னைக்கு வரவழைச்சு மதரஸா நடத்த வச்சவர். திருவல்லிக்கேணியில 1795-ல் கட்டின பெரிய பள்ளிவாசல் இன்னிக்கும் அவர் பேரைத்தான் சொல்லுது.

ஆனா அது ராஜா கொடுக்கிற கொடை. ராஜா பணம் எங்கிருந்து வரும்? கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்ககிட்ட நவாப் வாங்கின கடன், ஆற்காட்டுக் கடன்னு லண்டன் பார்லிமென்ட் வரைக்கும் நாறிப் போன விஷயம். 1763-ல் செங்கல்பட்டு ஜாகீரைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அதாவது நாம இப்ப ஷிப்ட் பார்க்கிற இந்த மண்ணையும் சேர்த்துத்தான். பின்னாடி 1780-ல் ஹைதர் அலி படையெடுப்புல இந்த வட்டாரம் பாழாப் போனது தனிக்கதை. பள்ளிவாசல் நிலைச்சது, ராஜ்ஜியம் நிலைக்கலை. (கம்பெனிக்கு நிலம் கொடுக்கிற பழக்கம் இந்த ஊருக்குப் புதுசில்லைன்னு சொல்ல வந்தேன், வேற எதுவும் இல்லை :-))

வண்டலூர்ப் பக்கம் வாங்க. அங்கே 1984-ல் ஆரம்பிச்ச கிரசென்ட் பொறியியல் கல்லூரி, இப்போ பல்கலைக்கழகம். ஆரம்பிச்சவர் கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான். வியாபாரத்துக்காகக் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிச்சு, ஊருக்குத் திருப்பிக் கொடுத்தவர், 2015 ஜனவரியில் காலமானார். கல்லூரியைத் தொடங்கின அறக்கட்டளைக்கு அவர் வச்ச பேரு சீதக்காதி.

"செத்தும் கொடுத்தான் சீதக்காதி"ன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். இந்தப் பழமொழியைச் சொல்றவங்கள்ல எத்தனை பேருக்கு அவர் கீழக்கரை முஸ்லிம் வணிகர்னு தெரியும்? ஷெய்கு அப்துல் காதிர்ங்கிற பேருதான் பேச்சு வழக்குல சீதக்காதின்னு ஆச்சு. 17ஆம் நூற்றாண்டு ஆள். உமறுப் புலவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களோட சீறாப்புராணம் பாடினதுக்குப் பின்னாடி அவர் ஆதரவு இருந்தது. பரிசு கேட்டு ஒரு புலவர் வந்தாராம், வள்ளல் இறந்துட்டாருன்னு கேள்விப்பட்டு கபர்ல போய் அழுதாராம், உள்ளேயிருந்து மோதிரத்தோட கை வெளியே வந்ததாம். கதைதான். ஆனா ஒரு ஊர் ஒருத்தரைப் பத்தி எந்தக் கதையைக் கட்டுதுங்கிறதுலயும் ஒரு வரலாறு இருக்கு.

எனக்கு அதைவிட முக்கியமா படறது வேற. சீதக்காதிக்கு ஒரு குரு இருந்தார், ஸதக்கத்துல்லாஹ் அப்பா. அரபுப் புலமையிலும் ஆன்மீகத்திலும் பெரிய ஆள். சீறாப்புராணம் பாட விவரம் கேட்டு வந்த உமறுப் புலவரை அவர் முதல்ல திருப்பி அனுப்பிட்டார், பிறகுதான் மனசு இரங்கினார்னு சொல்லுவாங்க. இரவெல்லாம் வணங்கின குருவும், கடல் வியாபாரம் பண்ணின சீடரும் இன்னிக்கும் அதே கீழக்கரையில பக்கத்துப் பக்கத்துலதான் அடங்கியிருக்காங்க. பெரியவரோட ஞானம் சீடர் கைவழியா அரிசியாவும் பாட்டாவும் வெளியே வந்தது. சீடர் கைக்கு அந்தப் பழக்கம் பெரியவர்கிட்ட இருந்து வந்தது. நான் மட்டும் ரெண்டையும் தனித்தனி டிபார்ட்மென்டா பிரிச்சு வச்சிருந்தேன்.



ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து பெங்களூர் ரோட்டைப் பிடிச்சா (பழைய என்.எச். 4) ரெண்டு மணி நேரத்துல வேலூர். எங்க ஹஸ்ரத் ஓதினது அங்கே, பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில. போன வருஷம் ஒரு வேலையா அவர் போனப்ப நானும் கூடப் போனேன்.

அதை உருவாக்கினவர் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத், 19ஆம் நூற்றாண்டுக்காரர். வேலூரோட சூஃபி மரபுல ஊறினவர், மக்காவுக்குப் போய்ப் படிச்சவர். அப்படிப்பட்டவர் ஒரு மூலையில உட்கார்ந்து திக்ரு செஞ்சுக்கிட்டு இருந்திருக்கலாம், ஜனங்க கூட்டம் கூட்டமா வந்து கையை முத்தமிட்டிருப்பாங்க. அவர் செஞ்சது, ஊர் திரும்பிப் பிள்ளைகளைக் கூட்டி வச்சுப் பாடம் சொன்னது. அதுதான் வளர்ந்து கல்லூரியாச்சு. தமிழ்நாடு, கேரளா, இலங்கைன்னு எங்கே போனாலும் பேருக்குப் பின்னாடி "பாகவி"ன்னு போட்டிருக்கும் ஆலிம்கள் எல்லாம் அங்கே இருந்து வந்தவங்கதான். குர்ஆன் முழுசையும் தமிழாக்கம் செஞ்சு 1940களில் நிறைவா வெளிக்கொண்டு வந்த காரைக்கால் அப்துல் ஹமீது பாகவியும் அங்கே ஓதினவர். அத்தா வீட்டு அலமாரியில இருந்த குர்ஆன் தர்ஜமா அவரோடதுதான்.

கல்லூரியோட பேருக்கு அர்த்தம் கேட்டேன். ஹஸ்ரத் சொன்னார். குர்ஆன்ல கஹ்ஃபு அத்தியாயத்துல வர்ற சொல்லாம். செல்வமும் பிள்ளைகளும் உலக வாழ்க்கைக்கு அலங்காரம், ஆனா நிலைச்சு நிக்கிற நல்ல செயல்கள்தான் இறைவன்கிட்ட மேலானதுங்கிற கருத்துல வருது. பாக்கியாத்துன்னா மிச்சம் இருக்கிறவை. ஸாலிஹாத்துன்னா நல்லவை. நாம நடையைக் கட்டின பிறகும் மிச்சம் நிக்கிற நல்லது.

நான் அந்த மையவாடியை நினைச்சுக்கிட்டேன்.

அந்த ரோட்டுல இன்னும் மேற்கே போனா இந்த மிச்சங்கள் வரிசையா நிக்குது. வாணியம்பாடியில 1919-ல் தொடங்கின இஸ்லாமியா கல்லூரி. பக்கத்துலயே உமராபாத், 1924-ல் தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் தொடங்கின ஜாமிஆ தாருஸ்ஸலாம். ஊருக்கே அவர் பேருதான். அங்கே படிச்சவங்க "உமரி". தெற்கே திருச்சியில 1951-ல் ஜமால் முஹம்மது கல்லூரி, அதே 1951-ல் சென்னையில நியூ காலேஜ். பெரும்பாலும் வியாபாரிகள் பணம், தோல் ஏற்றுமதிப் பணம். ஜகாத்துன்னு நூத்துக்கு ரெண்டரை கொடுத்தா கடமை முடிஞ்சது. இவங்க அதோட நிறுத்தலை.

முழுக்கப் புகழ்ந்துட்டுப் போனா நீங்க விடமாட்டீங்க, எனக்கும் மனசு ஒப்பாது. அதே தோல் தொழில்தான் பாலாற்றைக் கெடுத்தது. வேலூர் மக்கள் கோர்ட்டுக்குப் போய், 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிரா தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. கல்லூரியும் மிச்சம், ஆத்துல கலந்த விஷமும் மிச்சம். நாம விட்டுட்டுப் போறதுல நல்லது மட்டும் நிக்கும்னு ஒரு சட்டமும் இல்லை. எங்க ஒரகடத்து கம்பெனிகளுக்கும் இது பொருந்தும், அந்தக் கம்பெனியில சம்பளம் வாங்கிற எனக்கும் பொருந்தும்.



நவாப்புகிட்ட நாடு இருந்தது. தோல் வணிகர்கிட்ட ஏற்றுமதி இருந்தது. பதினோரு மாச காண்ட்ராக்ட்ல இருக்கிறவன் எதை விட்டுட்டுப் போவான்? வேலூர்ல இருந்து திரும்பும்போது இதையேதான் ஹஸ்ரத்கிட்ட கேட்டேன்.

அவர் நேரா பதில் சொல்லலை. 2015 டிசம்பர் ஞாபகம் இருக்கான்னு கேட்டார். இல்லாம இருக்குமா? செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து டிசம்பர் 1-ஆம் தேதி விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட, அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் முழுங்கினது. அப்போ சென்னையில பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து எல்லா மதத்து ஜனங்களையும் தங்க வச்சது, தண்ணி வடிஞ்சதும் முஸ்லிம் இளைஞர்கள் கோயில்களுக்குள்ள சேறு அள்ளினது எல்லாம் பேப்பர்ல வந்த செய்தி. 2020, 21 கொரோனா காலத்துல சொந்தக்காரங்களே கிட்ட வராத உடல்களை, என்ன மதம்னு பார்க்காம அவங்கவங்க முறைப்படி அடக்கம் பண்ணின தன்னார்வலர்கள்ல த.மு.மு.க. தொண்டர்கள் பெரும்பங்கு. அவங்கள்ல எத்தனை பேர் பணக்காரங்க? ஆட்டோ ஓட்டறவங்க, கடையில நிக்கிறவங்கதான்.

கொடுக்கிறது ஒரு பக்கமா மட்டும் ஓடலைன்னும் சொல்லணும். அதே வாலாஜா பள்ளிவாசல்ல ரம்ஜான் மாசம் நோன்பு திறக்கிற ஆயிரக்கணக்கான பேருக்கு, 30 வருஷத்துக்கும் மேலா சாப்பாடு சமைச்சுப் பரிமாறுறது யார் தெரியுமா? மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளை. பிரிவினையில சிந்துவை விட்டு அகதியா வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கின அமைப்பு. பரிமாறுறவங்க பெரும்பாலும் இந்துக்கள். நவாப் பேருல இருக்கிற இடத்துல அகதி ஒருத்தர் தொடங்கின பந்தி. ராஜ்ஜியம் இருந்தவர் விட்டுட்டுப் போனதும், எல்லாத்தையும் இழந்துட்டு வந்தவர் விட்டுட்டுப் போனதும் ஒரே முற்றத்துல.

ஹஸ்ரத் அப்புறம் இமாம் கஜ்ஜாலி கதைக்குப் போனார். 1095-ல் பாக்தாத்ல பெரிய பேராசிரியர் பதவி, பேரு, புகழ். எல்லாத்தையும் விட்டுட்டுத் தனிமையைத் தேடிப் போனார். வருஷக்கணக்கா அலைஞ்சு, கடைசியில சொந்த ஊரான தூஸுக்கே திரும்பி, வீட்டுப் பக்கத்துல ஒரு பாடசாலையும் சூஃபிகளுக்கு ஒரு தங்குமிடமும் வச்சு நடத்தினார். "போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. திரும்பி வந்தது யாருக்கும் ஞாபகம் இல்லை. நீங்க போயிட்டீங்க பாய், இன்னும் திரும்பி வரலை" என்றார் சிரிச்சுக்கிட்டே. எனக்குச் சிரிப்பு வரலை.



சரி, என்னதான் பண்ணினேன்னு கேட்பீங்க. பெருசா ஒண்ணும் இல்லை. அந்தத் தையல்காரப் பெரியவர்கிட்ட போய் மய்யித்தைக் குளிப்பாட்டவும் கபன் கட்டவும் கத்துக்கிட்டேன். ஆம்பிளை மய்யித்துக்கு மூணு துணி, எது முதல்ல விரிக்கணும், முடிச்சு எங்கே எல்லாம். தலையணையைப் படுக்க வச்சுத்தான் பழக்கினார். முதல் தடவை நிஜமா செய்யும்போது கை நடுங்குச்சு. தண்ணி ரொம்பச் சூடா இருக்கக் கூடாது, உயிரோட இருக்கிறவனுக்கு ஊத்தற மாதிரி பதமா ஊத்துன்னார். அந்த ஒரு வரி எந்த திக்ரு புத்தகத்துலயும் எனக்குக் கிடைக்காதது. இப்போ எங்க ஹால்ல நாலு பேர் கத்துக்கிட்டிருக்கோம்.

இன்னொண்ணு, ஒரு நோட்டு. நாற்பது ரூபா, நீள சைஸ். வர்றவங்க பேரு, ஊரு, ரத்த வகை, ஊர்ல யாருக்குப் போன் பண்ணணும், அந்த நம்பர். ஆரம்பத்துல பையன்கள் பயந்தாங்க, போலீஸ் கணக்கான்னு கேட்டாங்க. அவன் கதையைச் சொன்னேன். மறுபேச்சு இல்லாம எழுதிக் கொடுத்தாங்க. பக்கத்து ரூம்ல இருக்கிற ஒடிசா பையன்கள், முஸ்லிம் இல்லாதவங்க, அவங்களும் வந்து "எங்க பேரும் எழுதுங்கண்ணே" என்றார்கள். எழுதினேன். போன மழைக்காலத்துல அந்த நோட்டைப் பார்த்து ஒருத்தனுக்கு ரத்தம் கொடுக்க ராத்திரி ரெண்டு மணிக்கு ஆள் பிடிச்சோம். பிழைச்சுக்கிட்டான். இப்போ ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போயிட்டான், பண்டிகைக்குப் போன் பண்ணுவான்.

தஹஜ்ஜத்து விட்டுடலை. அதுவும் வேணும். அது இல்லாட்டி நோட்டு எழுதறதும் பெருமையா மாறிடும்னு எனக்கு என்னைப் பத்தித் தெரியும். (இதைப் பதிவா எழுதறதே பெருமைதானேன்னு கேட்கிறீங்களா? கேளுங்க. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.)

நோட்டோட முதல் பக்கத்துல அவன் பேருதான் எழுதியிருக்கேன். பக்கத்துல அவன் அண்ணன் நம்பர். இங்கே எழுத மாட்டேன், அது அவங்க வீட்டு விஷயம். வருஷா வருஷம் நவம்பர்ல அந்த நம்பருக்கு ஒரு தடவை கூப்பிடுவேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. கபர் பக்கத்துல புல்லு வளர்ந்திருக்கு, வேலி போட்டிருக்கோம், போன வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன்னு சொல்லுவேன். அவர் சரி சரின்னு கேட்டுக்குவார்.

நாளைக்குக் காலையில முதல் ஷிப்ட். வர்றேன்.